ஏசிக்குத் தைத்த சட்டை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு இருக்க முடியாது. மிக்சிக்குச் சட்டை, கிரைண்டருக்குச் சட்டை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, பிரிட்ஜ் கைப்பிடிக்குக் கையுறை. டிவி ரிமோட்டுக்கு வாங்கிய அன்றைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை. அது மஞ்சள் பூத்துப்போய் எந்தப் பொத்தான் எது என்று தெரியாது, குத்துமதிப்பாக அமுக்குவோம். எல்லாம் என் வீட்டுக்காரர் கைவண்ணம்தான். அவர் பஸ் டிப்போவில் சீட்டு தைக்கிற வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். கிழிந்த சீட்டைப் பிரித்து, பஞ்சை மாற்றி, பச்சை ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைக்கிற வேலை. ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய தையல் மிஷினை வாங்கிப் பின்கட்டில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் அளவெடுக்க ஆரம்பித்தார்.

"நல்லவேளை, எனக்கு ஒரு ஒற தைக்காம விட்டீங்களே" என்பேன்.

"ஒன் வாய்க்கு மட்டும் ஒண்ணு தைக்கணும்னு ஆசதான். ஜிப்பு தாங்காதே" என்பார்.

கீரனூரில் திருச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. தளம் போட்ட வீடு, மேலே மொட்டை மாடி. சுற்றிலும் மறைக்க ஒரு மரம் கிடையாது. சூரியன் காலையில் எங்கள் மாடியில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்கும். மகள் கல்யாணத்தின்போது, மாப்பிள்ளை வந்து தங்குவாரே என்று நடு அறைக்கு ஒரு ஏசி வாங்கிப் போட்டோம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் மாப்பிள்ளை வந்து தங்கிய அந்த மாசி மாதத்தில் அதைப் போடவே தேவைப்படவில்லை.

அது உண்மையில் எப்பேர்ப்பட்டது என்று போன சித்திரையில்தான் தெரிந்தது. ஊர்த் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து மகள் வந்திருந்தாள். ஏசியைப் பதினெட்டில் வைத்தோம். அது கடமுட என்று கிளம்பி, கிழவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, கொஞ்சநேரம் சில்லென்று ஊதி, பிறகு வெறும் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றுவிடும். மறுபடி கிளம்பும். பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. தரையில் ஈரத்துணியை விரித்துப் படுத்துக் கிடந்தாள். தேர் நிலைக்கு வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கரண்டு பில் மட்டும் குறையில்லாமல் வந்தது.

இந்த வருஷம் அவள் பிள்ளையாண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்புப் போட்ட கையோடு மகளை அழைத்துவந்து, அவள் வாய்க்குப் பிடித்ததைச் செய்துபோட்டு, பேரப்பிள்ளையை முதன்முதலில் என் கையில் வாங்க வேண்டும். ஒரே மகள். எனக்கு வேறு ஆசையே கிடையாது. கருப்பட்டி, சுக்கு என்று டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த டப்பாக்களுக்கும் என் வீட்டுக்காரர் உறை தைத்திருந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பங்குனியில் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, கோவிச்சுக்காத. எனக்கும் அங்க வரணும்னுதான் ஆச. ஆனா சித்திர வைகாசியில ஒங்க வீட்ல என்னால இருக்க முடியாதும்மா. அத்தை இங்கயே பாத்துக்குறேங்குறாங்க."

ஒங்க வீடு என்றாள். நம்ம வீடு என்றுகூட அவள் வாயில் வரவில்லை. சம்பந்தியம்மா மேல் தப்பில்லை. தங்கமான மனுஷி. அவர்கள் வீடும் குளுகுளுவென்று இருக்கும். நான் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அழுதேவிட்டேன்.

"சரி, சரி, அழுகாத. வளைகாப்பு முடிஞ்சு வாரேன். ரெண்டு நாளு இருந்து பாக்குறேன். தாங்கலன்னா திரும்பிருவேன். திரும்பி வர டிக்கெட்டையும் இப்பவே போட்டு வச்சிருவோம்" என்றாள்.

போனை வைத்ததும் மெக்கானிக்கை வரச்சொன்னேன். வந்தார். ஏசியைப் போட்டார். பொல்லாத ஏசி, ஐஸ் பெட்டி மாதிரி சில்லென்று ஊதியது! "ஒரு குறையும் இல்லம்மா, சூப்பரா ஓடுது" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் பைக் சத்தம் ரோட்டுப் பக்கம் மறைந்து, மதியச் சாப்பாடு முடிவதற்குள் பழையபடி பெருமூச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அன்றைக்கும் அதே கதைதான். அவர் இருக்கும்வரை குளிர்ச்சி, போனதும் புழுக்கம். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவர் போனையே எடுக்கவில்லை. "அது மெக்கானிக்கப் பாத்தா பயப்படுது போல" என்றார் என் வீட்டுக்காரர், வெகு சீரியஸாக. எனக்கு வந்த கோபத்துக்கு ரிமோட்டை உறையோடு விட்டெறிந்திருப்பேன்.

மாடியில் மோர்மிளகாய் காயப் போட்டிருந்தேன். ஒருநாள் உச்சிவெயிலில் அதைத் திருப்பிப் போடப் போனவள், கால் சுட்டுத் தாங்காமல் துள்ளி, விழாமலிருக்கப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தேன். பிடித்த கையை அப்படியே உதறினேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. பிடித்தது ஏசியின் வெளிப்பெட்டியை. பெட்டியை என்று எப்படிச் சொல்வது? பெட்டி எங்கே தெரிந்தது! கழுத்திலிருந்து கால்வரை பச்சை ரெக்சின் சட்டை. ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங். பக்கவாட்டில் ஜிப்பு. முன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கொசுவலையில் ஒரு சன்னல். உள்ளே விசிறி சுற்றுகிற வேகத்தில் சட்டை உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து இழுத்த சூட்டையெல்லாம் வெளியே தள்ளத்தானே அந்தப் பெட்டி? தள்ளிய சூட்டையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டு கிடந்தது பாவம்.

அந்தச் சட்டையை நான் முன்பே பார்க்காமல் இல்லை. வீடு முழுக்க உறையாக இருந்தால் எந்த உறையும் கண்ணில் படாது.

"என்னங்க! இங்கிட்டு வாங்க! ஒடனே வாங்க!"

என் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகூடச் சிதறி ஓடியது. இவர் ஏறிவந்தார்.

"இது என்னாது?"

"மழத்தண்ணி, தூசி, காக்கா எச்சம் ஒண்ணும் படக்கூடாதுன்னு அன்னைக்கே தச்சேனே. மூச்சு விடச் சன்னல்கூட வச்சிருக்கேன் பாரு" என்று பெருமையாகத் தடவிக் காட்டினார். கை சுட்டது, எடுத்துக்கொண்டார்.

"மெக்கானிக் வந்தப்ப இது எங்க போச்சு?"

"வேலைக்கு வர்றவருக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுல்ல? அவரு வர்றதுக்கு முன்னாடியே கழட்டி மடிச்சு வச்சிருவேன். அவரு போனதும் மாட்டிருவேன்."

நான் அப்படியே சுவரில் சாய்ந்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. "பெத்த மக வரமாட்டேங்குறா, நீங்க ஏசிக்குச் சட்ட தச்சுப் போட்டு அழகு பாத்துக்கிட்டு இருக்கீங்க! ஒங்க மூஞ்சிக்கு ஒரு ரெக்சினச் சுத்திக்கிட்டு இந்த வெயில்ல நில்லுங்க, தெரியும் சேதி!" என்று கத்திவிட்டேன். அவர் ஜிப்பைக் கழற்றினார். சட்டையை மடித்தார். தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பின்கட்டில் மிஷின் சத்தம் நின்றுபோனது. அவர் மிஷின் ஓடாத வீடு எனக்கும் என்னவோபோல்தான் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்வேனா? மாட்டேன்.

சட்டை கழன்றதும் ஏசி நிற்காமல் ஓடியது, அது வாஸ்தவம். ஆனால் அறை குளிரவில்லை. குளிர்ச்சி வருகிறது, எங்கேயோ போய்விடுகிறது. வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். நடு அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கதவைச் சாத்திவிட்டுத்தான் காட்டினேன். மற்ற அறைகளில் பரவி நிற்கிற புகை, இங்கே நிற்கவில்லை. ஒரு கோடு தரையோடு தவழ்ந்து கதவுக்கு அடியில் நுழைந்து போனது. தூபக்காலைச் சன்னல் பக்கம் கொண்டுபோனேன். மரம் காய்ந்து விலகிய இடுக்கு வழியாக அங்கேயும் ஒரு கோடு வெளியேறியது. மேலே தூக்கிக் காட்டினேன். சன்னலுக்கு மேல், வீடு கட்டிய நாளிலிருந்து திறந்தே கிடக்கிற வென்டிலேட்டர் வழியாகப் புகை சாவகாசமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அடப்பாவி! நாங்கள் அறையையா குளிரவைத்துக்கொண்டிருந்தோம்? கீரனூரையல்லவா குளிரவைத்துக்கொண்டிருந்தோம்!

தூபக்காலை வைத்துக்கொண்டு இண்டு இடுக்கெல்லாம் காட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஏசிக்குப் பூசை போடுறியா?"

"பேசாம வந்து இந்தப் பொகையப் பாருங்க."

பார்த்தார். குனிந்து கதவடியில் பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். அவர் விரல்கள் தானாகவே பெருவிரலும் சுட்டுவிரலுமாக அந்த இடுக்கை அளப்பதைக் கண்டேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க, ஒங்களத்தான். அங்க மூடக் கூடாதத மூடுனீங்க. இங்க மூட வேண்டியது அம்புட்டும் தொறந்து கெடக்கு. போங்க, டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

அந்த முகம் மலர்ந்ததே, கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திருவிழாதான். மிஷின் மறுபடி கடகடத்தது. பஸ் சீட்டுப் பஞ்சை நீளமாக அடைத்து, ரெக்சினில் உருட்டித் தைத்துக் கதவடியில் போட ஒரு தடுப்பு. முதல்நாள் அதை நான் பாம்பு என்று நினைத்து அலறியதில் அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். சன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பஞ்சு வைத்த பட்டை. வென்டிலேட்டருக்கு ஜிப்பு வைத்த ஒரு மெத்தை, ஏசி போடும்போது மூடவும், நிறுத்தினால் திறக்கவும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே, கடைவாசலில் கட்டுவது மாதிரி சாய்வாக ஒரு வெள்ளை ரெக்சின் பந்தல். ஏசியின் வெளிப்பெட்டிக்கு எட்டத்தில் கம்பு நட்டு மேலே மட்டும் ஒரு நிழல். நாலு பக்கமும் திறப்பு. "கை வைக்கல, பாத்துக்க. நெழலு மட்டுந்தான்" என்று என்னிடம் ஒப்புவித்தார். உள்ளே இருக்கிற ஏசியின் வலையை நான் கழற்றிக் கழுவினேன். அதிலிருந்து வந்த தூசியில் ஒரு தலையணை செய்திருக்கலாம்.

மிச்சமிருந்தது தளம். அறைக்குள் அண்ணாந்து கையைத் தூக்கினாலே மேலிருந்து அனல் இறங்குவது தெரியும். சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து, பசை கலந்து, விடியற்காலையில் நாங்கள் ரெண்டு பேருமே மாடிக்கு வெள்ளை அடித்தோம். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பக்கத்து வீட்டு அம்மா அவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மதினி, செவத்துக்கு அடிப்பாக, நீங்க தளத்துக்கு அடிக்கிறீக? இத யாரு பாக்கப்போறா?"

"சூரியன் பாக்கட்டும் மதினி. பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்" என்றேன். அப்போது என் மூக்கு, புருவம், கொண்டை எல்லாம் வெள்ளை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஒன்னையும் வெயில்ல நிறுத்துனா நீயும் சுடமாட்ட இப்ப" என்றார். நான் சுண்ணாம்பு மட்டையால் அவர் முதுகில் ஒரு கோடு போட்டேன். இந்த வயசில் மொட்டை மாடியில் நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடியதை அந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சொல்லட்டுமே.

பிறகு ஏசியைப் போட்டுப் பார்த்தோம். பதினெட்டெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறில் வைத்து, மேலே மின்விசிறியைச் சின்னதாக ஓடவிட்டால் போதும், அறை அப்படியே நின்றது. ஏசியும் கொஞ்சநேரம் ஓடும், பிறகு சத்தமில்லாமல் இளைப்பாறும். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் எழுதிவிட்டு, மறுபடி எட்டிப் பார்த்து, "ஊர்ல இல்லையாம்மா நீங்க?" என்று கேட்டார். இங்கேதான் இருந்தோம் என்று சொல்லும்போது எனக்குப் பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

ஆனாலும் நாங்கள் சொல்லி என்ன? அவள் வந்து சொல்ல வேண்டும்.

சென்னையில் வளைகாப்பு நன்றாக நடந்தது. கை நிறைய கண்ணாடி வளையலோடு மகளை அழைத்துக்கொண்டு ரயிலில் திருச்சிக்கு வந்து, அங்கிருந்து கார் பிடித்துக் கீரனூர் வந்தோம். அக்கினி நட்சத்திரம். மாத்தூர் தாண்டும்போதே ரோட்டில் கானல் தண்ணீராக நெளிந்தது. அவள் போனில் திரும்புகிற டிக்கெட்டை ஒருதடவை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

வந்தாள். மணத்தக்காளி வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். சூரியன் நடுமண்டைக்கு வந்த நேரம், நடு அறைக் கட்டிலில் போய்ப் படுத்தாள். "எத்தனையில வச்சிருக்கீங்க?" என்றாள். "இருபத்தாறு" என்றேன். "இருபத்தாறா! அய்யய்யோ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கதவடியில் அந்தப் பச்சைத் தடுப்பைத் தள்ளிவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில், மூச்சுக்கூட விடாமல். அவள் புரண்டால் நாங்கள் ரெண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வெளியே ஊரே வெயிலில் அடங்கிக் கிடந்தது. கொஞ்சநேரத்தில் அவள் குறட்டை கேட்டது. நானும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போல.

"அம்மா..."

திடுக்கிட்டு எழுந்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"என்னடி ஆத்தா, வேக்குதா?"

"குளுருதும்மா. எதாச்சும் போத்தி விடு."

எனக்குக் காதில் விழுந்தது மண்டைக்கு ஏறச் சற்று நேரமாயிற்று. அக்கினி நட்சத்திரத்தில், புதுக்கோட்டைச் சீமையில், உச்சிவெயிலில் என் மகளுக்குக் குளிர்கிறது! பீரோவைத் திறந்தேன். சித்திரையில் யார் போர்வையை வெளியில் வைத்திருப்பார்? எல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல், அதற்கும் ரெக்சின் உறை, உறைக்கு ஜிப்பு. வீடு பூராவும் உறை, பிள்ளைக்குப் போர்த்த ஒரு துணி கைக்கு அகப்படவில்லை.

"ஏம்மா, நம்ம வீட்ல ஒரு போர்வகூடவா இல்ல?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

நம்ம வீடு. சொல்லிவிட்டாள்.

நான் பரணைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போதே அவர் எழுந்து ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அந்த வெயிலில், அந்தத் தளத்தில், வெறுங்காலோடு! நான் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தளத்தில் சாவகாசமாக நடந்துபோய், கொடியில் காய்ந்த தன் எட்டுமுழ வேட்டியை உருவிக்கொண்டு, துள்ளாமல் குதிக்காமல் நடந்துவந்தார். போன மாசம் நான் மோர்மிளகாய் திருப்பப் போய்த் துள்ளிய அதே தளம்தான். "என்னா பாக்குற? கால் சுடலடி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

வெயில் சூடு இன்னும் மாறாத வேட்டியை அவள்மேல் விரித்தார். "கதகதன்னு இருக்குப்பா" என்று அவள் சுருண்டுகொண்டாள். வளையல்கள் கலகலத்தன. அவர் கால்மாட்டிலிருந்து ஆரம்பித்து, ஓரமெல்லாம் இடுக்கு விடாமல் செருகிக்கொண்டே வந்தார், சீட்டுக்கு ரெக்சின் இழுக்கிற அதே கை. கழுத்துவரை வந்ததும் நிறுத்தினார்.

"அப்பா, அவருக்குப் போன் போட்டு அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லுங்க" என்றாள் தூக்கத்திலேயே.

"சொல்றேன் ஆத்தா, நீ தூங்கு."

நான் வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து அவள் தலையோடு மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சி மட்டும் தொறந்தே இருக்கட்டும். மூச்சு விடணும்ல" என்றார்.